சிவக்காத கறை

டமால்!

சலைன் ஸ்டாண்டை இடித்தது நான்தான். குழாய் பிடுங்கிக்கொண்டு, பாட்டிலிலிருந்த மருந்து மொத்தமும் என் சட்டையில்!

"நர்ஸுக்குப் படிச்சீங்களா, இடிக்கப் படிச்சீங்களா?" நோயாளியின் அக்கா சீறினாள்.

"ரெண்டுலயும் பாஸுங்க."

கட்டிலில் அவள் தங்கை. நினைவில்லை. உதட்டில் கொப்புளம் போடுகிற ஹெர்பிஸ் கிருமி, மூளைக்குள் ஏறியிருந்தது. அதை அடக்கும் அசைக்ளோவிர் மருந்து தவறாமல் உள்ளே இறங்க வேண்டும். தவறினால் உயிர் போகும். உயிர் தப்பினாலும்... ஞாபகம் போகும்!

"பிழைச்சிடுவாங்களா?" ரவுண்ட்ஸ் வந்த டாக்டரைக் கேட்டேன்.

"பார்க்கலாம்."

இந்த ஆஸ்பத்திரியில் எனக்கு யாரும் நேராகப் பதில் சொன்னதே கிடையாது.

வாசலில் இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். அவள் படுக்கையில் விழுவதற்குச் சற்று முன்புதான், அவள் வீட்டுக் கார் ஒரு வாட்ச்மேனை இடித்துக் கொன்றிருந்தது.

"ஓட்டினது என் மனைவிதான் சார்..." கணவன் கண்ணைத் துடைத்தான். "அவ எழுந்தா போதும். ஜெயிலுக்கு நானே கேரியர் தூக்கிட்டு வர்றேன்."

பாவம், மனுஷன்!

ஈரச் சட்டையைப் பிழியக் குனிந்தேன்.

விறைத்தேன்!

நெஞ்சில், மதியக் குழம்பு விட்டுப்போன மஞ்சள் கறை. மருந்தில் நனைந்தும்... மஞ்சளாகவே இருந்தது!

நேற்றும் இதே மருந்தைக் கொட்டினேன். (கொட்டாத நாள் ஏது?) நேற்று, சோப்புபோலக் காரமான மருந்து பட்டு, கறை செக்கச்செவேலென்று சிவந்ததே!

பாட்டிலைப் பார்த்தேன். நான் ஒட்டிய சீட்டுதான். ஆனால் ஓரம் கிழிந்து, கோணலாக... யாரோ பிய்த்து, வெறும் சலைன் பாட்டிலில் ஒட்டியிருக்கிறார்கள்!

"சார்! மருந்தை மாத்திட்டாங்க!"

இன்ஸ்பெக்டர் அறையைத் துழாவினார். அக்காவின் கூடை. துண்டுக்கு அடியில்... சீட்டில்லாத பாட்டில்!

ஒரு சொட்டு எடுத்துக் கறையில் விட்டேன்.

சிவந்தது. ரத்தம் மாதிரி.

"அக்கா... நீங்களா?" கணவனின் குரல் உடைந்தது.

"ஐயோ, நான் இல்ல! அவ என் கூடப் பொறந்தவ!"

"ஸ்டேஷன்ல வந்து சொல்லும்மா."

புது மருந்து கலந்து மாட்டினேன். அதன்பின் பாட்டிலைவிட்டு நான் நகரவில்லை.

கணவனும் நகரவில்லை.

"நர்ஸ் சார்... முழிச்சாலும் பழசு எதுவும் ஞாபகம் இருக்காதாமே?"

"யாரு சொன்னா?"

"சும்மா... கேள்விப்பட்டேன்."

மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாளும். அந்தக் கண்ணில் இப்போது ஈரமே இல்லை. ஞாபகம் போனால் இவனுக்கு என்ன லாபம்?

ஒரு காலை, அவள் இமை அசைந்தது!

இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டேன். அக்காவையும் கூட்டிக்கொண்டு பறந்து வந்தார். சந்தோஷத்தில் நான் குறுக்கே ஓட...

டமால்! கட்டில் குலுங்கியது. அவள் முழுசாகக் கண் திறந்து என்னை முறைத்தாள்.

"மன்னிச்சுக்கோங்கம்மா..." விழுந்த வேகத்திலேயே கேட்டுவிட்டேன். "அன்னிக்குக் காரை ஓட்டினது யாரு?"

கணவன் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தான். அங்கே இன்ஸ்பெக்டரின் தொப்பை மறித்தது.

அவள் விரல் மெதுவாக உயர்ந்து, கணவனை நோக்கி நின்றது.

"இவர்தான்... உங்களை மாதிரியே, எதையும் இடிக்காம போகத் தெரியாது!"