நிழல்வீட்டுக்காரி

ஆய்வகத்தில் யாரும் தன் சொந்த நிழல்வீட்டைத் திறந்து பார்க்கக் கூடாது. அஜிஷா அதை ஒரு புதன்கிழமை மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது திறந்தாள்.

நாகர்கோவிலில் அப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிழல்வீடு இருந்தது. மின்மானியின் அளவு, சம்பளம், ஓய்வூதியப் பிடித்தம், சந்தையில் வாங்கிய மீன் எல்லாம் அந்தக் கணினிக்குள் போய்ச் சேரும். அவற்றை வைத்து, அந்த வீட்டு மனிதர்களைப் போலவே முடிவெடுக்கும் நிழல்மனிதர்கள் உள்ளே வாழ்ந்தார்கள். அரசு எந்தச் சட்டத்தையும் முதலில் அவர்கள்மீது அமல்படுத்தி, பத்தாண்டு வாழ்க்கையைச் சில நாட்களில் ஓட்டிப் பார்க்கும். அங்கே பலன் நன்றாக இருந்தால்தான் வெளியே சட்டமாகும்.

இப்போது ஓடிக்கொண்டிருந்தது அரை ஓய்வுத் திட்டம்: ஐம்பத்தைந்து வயதில் பாதி வேலை, பாதி ஓய்வூதியம். அந்த ஓட்டம் அஜிஷாவின் பொறுப்பு. அவளுக்கும் கணவன் ஜெரினுக்கும் ஐம்பத்துநாலு வயது. அவன் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளின் கட்டுப்பாட்டு அறையில் இரவுப் பணி பார்த்தான். அவள் கிளம்பும் நேரத்துக்கு வந்து படுப்பான். அவள் திரும்பும் நேரத்துக்குக் கிளம்புவான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கொரு அறையில் அசந்து கிடப்பார்கள்.

திட்டத்தில் ஒரு புதிர் இருந்தது. ஆட்கள் வீட்டில் அதிக நேரம் இருந்தால் மின்சாரம் அதிகம் செலவாக வேண்டும். நிழல்வீடுகளிலோ குறைந்தது. காரணம் தெரிய ஏதாவது ஒரு வீட்டைப் பார்த்தால் போதும். அவள் தன்னுடையதைத் தேர்ந்தெடுத்தாள்.

நிழல்வீடு படம் காட்டாது, வரி வரியாக எழுதும்.

‘காலை. இருவரும் சமையலறையில். பால் சேர்க்காத கட்டஞ்சாயா. பேச்சு.’

‘சனி மாலை. சங்குத்துறைக் கடற்கரை. இருவரும்.’

‘முன்னறை. ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி. பிற அறைகளில் ஆளில்லை. ஜெரின் நெத்திலி பொரித்துக் கொண்டுவருகிறார்.’

காரணம் அதுதான். இருவரும் ஒரே அறையில் இருந்தார்கள். கண்டுபிடித்ததற்கு அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நெத்திலி வரியையே திரும்பத் திரும்பப் படித்தாள்.

அன்று மாலை ஜெரின் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

“நீங்க நெத்திலி பொரிப்பீங்களா?” என்றாள்.

“நானா? எதுக்கு?”

“அவளுக்குப் பொரிச்சுக் குடுக்கீங்களே. சனிக்கிழமை ஆனா அவளைக் கடற்கரைக்கும் கூட்டிட்டுப் போறீங்க.”

“எவளை?”

சொன்னாள். அவன் சிரித்துவிட்டான். “அது நீதான அஜி.”

“எனக்க பேரை வச்சிருக்க ஒருத்தி. நான் இல்ல.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தெருவில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. போய்விட்டான்.

அதன்பிறகு தினமும் மதியம் திறந்தாள். நிழல்வீட்டுக்காரி கடுகு நிறத்தில் புடவை வாங்கியிருந்தாள். அந்த நிறத்தைத் தொடும் தைரியம் தனக்கு ஒருநாளும் வந்ததில்லை என்பது அஜிஷாவுக்குத் தெரியும். நிழல்வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி இல்லை. அவள் நன்றாக உறங்கினாள். தன் முகத்தோடு, தன் புருஷனோடு, தனக்குக் கிடைக்காத நேரத்தை ஒருத்தி செலவழித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் நிழல்ஜெரினைச் சோதித்தாள். தனுஷ்கோடிக்கு அப்பால் கடல் காற்றாலையில் வேலை, இரட்டைச் சம்பளம், மாதம் ஒருமுறைதான் வீடு என்று ஒரு வாய்ப்பை உள்ளே போட்டாள். அவன் மறுத்தான். காரணம் என்ற இடத்தில், ‘மனைவியுடன் இருக்க விருப்பம்’ என்று வந்தது. தன்னிடம் சொல்லப்பட்டிருந்தால் அந்த வரிக்கு அழுதிருப்பாள். சொல்லப்பட்டதோ நிழல்வீட்டுக்காரியைப் பற்றி.

உள்ளே ‘துணைவிருப்பு’ என்று ஓர் எண் உண்டு. கூட இருப்பதை ஒரு மனிதர் எவ்வளவு மதிக்கிறார் என்பதன் அளவு. அது எல்லா நிழல்வீடுகளுக்கும் பொதுவான எண் என்று அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமை பழையபடி மாற்றிவிடலாம் என்று சொல்லிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அதைக் குறைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் வரிகள் மாறின. ‘ஜெரின், பின்னறை. அஜிஷா, முன்னறை. இரண்டு மின்விசிறிகள்.’ கடற்கரை வரவேயில்லை. அன்று அஜிஷா வயிறாரச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தலைநகரிலிருந்து அவசரமாக முடிவைக் கேட்டார்கள். இயக்குநர் பிரிசில்லா அப்போதிருந்த ஓட்டத்தையே அனுப்பிவிட்டார். அரை ஓய்வில் தம்பதிகள் தனித்தனி அறைகளில் இருக்கிறார்கள், மின்செலவு ஏறுகிறது, திட்டம் பயன் தராது என்று அதில் இருந்தது.

திங்கட்கிழமை அஜிஷா உண்மையைச் சொன்னாள். பிரிசில்லா கதவைச் சாத்திவிட்டு எண்களை வெகுநேரம் பார்த்தார்.

“செஞ்சது தப்பு. ஆனா நீ போட்ட எண்ணுதான் நெச வீடுகளோட மின்மானிக்கு ஒத்துப்போகுது. பழைய எண்ணு ஜனங்கள்ட்ட கேட்டு எடுத்தது. அவங்க ஆசையைச் சொல்லியிருக்காங்க.”

“வேலை முடிஞ்சு வந்தா உறங்கத்தான் நேரமிருக்கு மேடம். வேற எப்படி இருப்பாங்க?”

பிரிசில்லா கணினியை மூடினார். அறிக்கையைத் திரும்பப் பெறவில்லை.

மழைக்காலத்தில் சட்டம் வந்தது. அரை ஓய்வு கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக எல்லாருக்கும் ஓய்வு வயது அறுபத்தைந்து. காலையில் ஜெரின் செய்தியைப் படித்தபடியே வீட்டுக்குள் வந்தான். அஜிஷா அவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். ஷூவைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

“கடல் காற்றாலையா? ரெட்டைச் சம்பளம், மாசத்துக்கு ஒருக்கா வீடு?”

“ஆமா. நான் சும்மா போட்டுப் பாத்தது.”

“எனக்கு நெசமாவே வந்துது. ஈஸ்டர் முடிஞ்ச சமயம். வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்.”

அஜிஷா அவன் எதிரே உட்கார்ந்தாள்.

“ஏன்?”

“ஏன்னா? நீ இங்கதான இருக்க.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

“சொல்ல வந்தேன். ஞாயித்துக்கிழமை, நீ உறங்கிட்டு இருந்த.”

அவன் ஷூவைக் கழற்றிவிட்டுப் பின்னறைக்குப் போய்ப் படுத்தான். அவள் வாசலில் நின்று பார்த்தாள். ஏதாவது கேட்கலாம் என்று நினைப்பதற்குள் அவன் உறங்கியிருந்தான். ஆய்வகத்துக்கு நேரமாகிவிட்டது. ஓய்வு பெற இருவருக்கும் இன்னும் பதினோரு வருடம் இருந்தது.