மூத்தாள், இளையாள்

திரையில் மூத்தாளும் இளையாளும் ஒரே நேரத்தில் வீட்டுக்காரியாக உட்கார்ந்திருந்தார்கள்.

அவை இரண்டு சர்வர்களின் பெயர்கள். ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பதிவுகள் அத்தனையும் அந்த ஜோடியை நம்பித்தான் இருந்தன. மூத்தாள் வேலை செய்வாள், இளையாள் வேடிக்கை பார்ப்பாள். இருவரும் நொடிக்கு நொடி 'இருக்கேன்' என்று ஒருத்திக்கொருத்தி குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மூத்தாளின் குரல் நின்றால் அவள் செத்ததாகக் கணக்கு. உடனே இளையாள் எழுந்து, முதலில் மூத்தாளின் மின்சாரத்தை வெட்டிவிட்டு, அவள் பெயரிலேயே வேலையை எடுத்துக்கொள்வாள். வெட்டாமல் விட்டால், சாகாத மூத்தாளும் இளையாளும் ஒரே பதிவின்மேல் எழுதி எல்லாவற்றையும் பாழாக்கிவிடுவார்கள். பெயர் வைத்த புண்ணியவானுக்கு ரெண்டு பெண்டாட்டிக் கதை என்றால் கொள்ளை ஆசை.

இன்றைய கூத்துக்கு இந்த ஜோடியைப் பராமரிக்கும் அவள்தான் காரணம். கேபிள் மாற்றுவதற்காக ஞாயிற்றுக்கிழமை மதியம் தனியாக இந்த அடித்தள அறைக்கு வந்தவள், ஒருத்தியை ஒருத்தி வெட்டிவிடக் கூடாதே என்று வெட்டும் வசதியை அணைத்துவைத்தாள். அதுவரை சரி. இளையாளை ஒதுக்கிவைக்க மறந்துவிட்டு, இருவரின் குரலும் போகும் கேபிளைப் பிடுங்கினாள்; மூத்தாள் செத்தாள் என்று இளையாள் எழுந்துவிட்டாள். கத்துக்குட்டிகூடச் செய்யாத தப்பு.

தன்னையே திட்டிக்கொண்டு கட்டளைகளைத் தட்டினாள். இளையாள் ஒதுங்கினாள். பதிவுகள் தப்பின. மின்விசிறிகளின் இரைச்சல் காதுக்குள் மாவு மெஷின் போல ஓடிக்கொண்டிருக்க, சூடான பிளாஸ்டிக் வாசனையும் முதுகில் இறங்கும் ஏசி குளிரும் சேர்ந்து அவளுக்கு லேசாகத் தலை வலித்தது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

கண்ணைத் திறந்தபோது திரையில் ஒரு வரி கூடியிருந்தது.

நிலவரம் கேட்கும் கட்டளை. அவள் தட்டவில்லை. வெளியிலிருந்து வேலை செய்பவர்களும் இதே திரையைப் பகிர்ந்துகொள்வது வழக்கம்தான், ஆனால் இன்று வேறு யாருக்கும் வேலை இல்லை. உள்ளே இருப்பவர்கள் யார் என்று கேட்டுப் பார்த்தாள். அவள் பெயர் இருந்தது. அதற்குக் கீழே மறுபடியும் அவள் பெயர். முதலாவது இந்த அறையிலிருந்து. இரண்டாவது அவள் வீட்டிலிருந்து.

வீட்டு லேப்டாப்பைப் பீரோவில் பூட்டிவிட்டு வந்திருந்தாள். கணவனுக்கு அதைத் திறக்கக்கூடத் தெரியாது.

திரையில் எழுத்துகள் ஊர்ந்தன. ஒரு சொல்லில் இரண்டு எழுத்துகள் இடம் மாறி விழுந்தன, நின்றன, அழிந்தன, சரியாக வந்தன. அந்தச் சொல்லை அவளும் அப்படித்தான் தப்பாக அடிப்பாள். எப்போதும். அதே இடத்தில்.

மணிக்கொரு தடவை மேலே போய்ப் போன் பண்ணுகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இங்கே செல்போனில் சிக்னல் கிடையாது. வந்ததிலிருந்து ஒரு தடவைகூடப் பேசவில்லை. கதவருகே சுவரிலிருந்த அலுவலகத் தொலைபேசியை எடுத்துக் கணவனின் எண்ணை அழுத்தினாள்.

"ஹலோ, யாருங்க?"

"நான்தாங்க. பாப்பா என்ன பண்றா?"

 

"யாருங்க நீங்க? என் ஒய்ஃப் குரல்லயே பேசுறீங்க."

"விளையாடாதீங்க. எனக்கு ஏற்கெனவே பயமா இருக்கு."

"அவ அப்பவே வந்துட்டா. ரொம்ப நேரமா போன் வரலையேன்னு நான் கவலைப்பட்டுக்கிட்டு இருந்தேன், கதவத் தட்டினா. இதோ, பாப்பாவ மடியில வெச்சுக்கிட்டு லேப்டாப்ல வேலை பாத்துட்டிருக்கா."

"அது நான் இல்ல! பாப்பாவத் தூக்குங்க. தூக்கிட்டு வெளிய போங்க, ப்ளீஸ்!"

போனில் அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அவளுடைய குரல். காலையில் தொண்டை கட்டியிருந்தது, அந்தக் கரகரப்பும் அதில் இருந்தது.

"ஸ்பீக்கர்ல போட்டுட்டு இங்க வைங்க. நான் பேசிக்கிறேன்."

போன் மேசையில் வைக்கப்படும் சத்தம். பிறகு விசைப்பலகைச் சத்தம். டக். டக் டக். ஒவ்வொரு சத்தத்துக்கும் இங்கே திரையில் ஓர் எழுத்து.

வெட்டும் வசதி திரும்ப இயக்கப்பட்டது.

அவள் விசைப்பலகைமேல் பாய்ந்தாள். எதை அடித்தாலும் விழவில்லை. பட்டியலில் அவள் பெயர் இப்போது ஒரே ஒரு தடவைதான் இருந்தது. வீட்டிலிருந்து.

'மூத்தாளை வெட்டு' என்று கட்டளை விழுந்தது. 'உறுதியா?' என்று கேட்டது.

கதவுக்கு ஓடினாள். கதவு திறக்கும் அட்டையைத் தேய்த்தாள். சிவப்பு. மறுபடி தேய்த்தாள். சிவப்பு.

தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரில் பாப்பா சிரித்தாள். "அம்மா, இந்த பட்டன நான் அழுத்தட்டுமா?"

"அழுத்துடா கண்ணு."

டக்.

மூத்தாள் சர்வரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அறையின் விளக்குகள் அணைந்தன. முதலில் அறையின் கோடியில். பிறகு நடுவில். பிறகு அவள் தலைக்கு மேல். ஏசி நின்றது. அந்தப் பச்சை வெளிச்சத்தில் மின்விசிறிகள் சுற்றுவது தெரிந்தது, இரைச்சல் மட்டும் காதில் விழவில்லை. கால் தரையில் படுகிறதா என்று தெரியவில்லை. தட்டுத்தடுமாறி ரிசீவரைப் பிடித்தாள். அது ஒன்றில்தான் இன்னும் சத்தம் இருந்தது.

பாப்பா என்று கத்த வாயைத் திறந்தாள். தொண்டை புடைத்தது. நெஞ்சு விரிந்தது. முழு மூச்சையும் கூட்டிக் கத்தினாள்.

அறையில் ஒரு சத்தமும் இல்லை.

"பாப்பா..." என்று ரிசீவருக்குள், வீட்டில், அவள் குரல் கொஞ்சலாகக் கூப்பிட்டது.

"என்னம்மா?" என்றாள் குழந்தை.