செவ்வாய், வியாழன் மட்டும் வரும் போலீஸ்

வாசலில் போலீஸ் கார் வந்து நின்றதும், சமூகக் கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் பென்சிலைக் கீழே வைத்தார்கள். அந்த வாரத்தில் இது இரண்டாவது தடவை.

ஆபீசர் டூபே, பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார்.

"இங்கேருந்து மறுபடியும் போலீஸ் அவசர நம்பர் 911-க்கு போன் வந்திருக்கு. எடுத்தா யாரும் பேசல. டொக்குன்னு வச்சுட்டாங்க. எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள். கூடத்தின் மேலாளர் மிஸ்டர் மார்ட்டெல் மட்டும் முகம் சிவந்து நின்றார்.

"லீபான்!"

"நான் இல்ல சார்!"

"போன மாசம் பீட்சா கடைக்கு போன் பண்ணி, யானைக்கு எந்த சைஸ் சரியா இருக்கும்னு கேட்டது யாரு?"

"அது நான்தான். இது நான் இல்ல."

"இதோ பாருங்க, இன்னொரு தடவை போலீஸ் வந்தா, ஸ்கூல் விட்டு வர்ற யாருக்கும் இந்த ரூம் கிடையாது!"

பத்து வயது ஹோடன் கடிகாரத்தைப் பார்த்தாள். அம்மா வேலை முடிந்து வர மணி ஆறாகிவிடும். அமெரிக்காவின் லூயிஸ்டன் நகரத்து ஜனவரிக் குளிரில், அதுவரை அவளும் தம்பியும் இருக்க வேறு இடமில்லை.

அவள் எழுந்து ஆபீசரிடம் போனாள்.

"இதுக்கு முன்னாடி எந்தெந்த நாள்ல போன் வந்துச்சு?"

ஆபீசர் தன் நோட்டை எடுத்தார். பக்கங்களைப் புரட்டினார்.

"ஒன்பதாம் தேதி, செவ்வாய். பதினொண்ணு, வியாழன். பதினாறு, செவ்வாய். இருபத்து மூணு, செவ்வாய். இன்னிக்கு வியாழன். எல்லாமே சாயங்காலம் நாலு மணியை ஒட்டித்தான்."

"நாங்க திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் வர்றோம். குறும்பு பண்றவன் செவ்வாயும் வியாழனும் பார்த்தா பண்ணுவான்? லீபானா இருந்தா தினமும் பண்ணுவான்."

"ஆமா!" என்றான் லீபான் பெருமையாக.

ஆபீசர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அந்த ரெண்டு நாள்ல இங்க வேற என்ன நடக்குது, மிஸ்டர் மார்ட்டெல்?"

"பெரியவங்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு. முடிஞ்சதும் சிலர் இந்த போன்ல அவங்க ஊருக்குப் பேசுவாங்க. ஆனா அவங்க எதுக்கு…"

"செவ்வாய் வரைக்கும் பொறுங்க சார்," என்றாள் ஹோடன். "நான் பார்த்துச் சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை அவள் போன் மேசைக்கு அருகிலேயே உட்கார்ந்துகொண்டாள். வகுப்பு முடிந்ததும், பக்கத்து வீட்டு ஹலீமோ அத்தை ஒரு துண்டுத்தாளோடு வந்தார். எண்களை அழுத்தினார். காதில் வைத்துக் கேட்டார். முகம் வெளிறிப்போனது. போனைப் படாரென்று வைத்துவிட்டுக் கோட்டை எடுக்க ஓடினார்.

ஹோடன் பின்னாலேயே போனாள். "அத்தை, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லடி."

"போன்ல யாரு பேசினாங்க?"

அத்தை இரண்டு பக்கமும் பார்த்தார். கண்கள் கலங்கியிருந்தன. "நைரோபிக்கு, என் மகன் மஹதுக்குப் போட்டா போலீஸ் எடுக்குதுடி! மூணு வாரமா இப்படித்தான். அவன் குரலைக் கேட்கவே முடியல. நான் என்ன தப்பு பண்ணேன்னே தெரியல. யார்கிட்டயும் சொல்லிடாதே. இந்த ஊரை விட்டே அனுப்பிடுவாங்க."

லீபான் மேல் பழி விழுந்திருந்தது. அத்தையோ பயந்துபோயிருந்தார். ஹோடன் அத்தையின் கையைப் பிடித்தாள்.

"நீங்க தப்பு பண்ணியிருக்க மாட்டீங்க அத்தை. எப்படிப் போட்டீங்கன்னு மெதுவாக் காட்டுங்க."

அத்தை தயங்கித் தயங்கி போனை எடுத்தார். வெளியே பேசுவதற்காக 9-ஐ அழுத்தினார். 'பீப்' என்றது. அடுத்து 0.

"நில்லுங்க அத்தை! ரெண்டு பட்டன் அழுத்தினீங்க. ஒரு சத்தம்தான் வந்துச்சு!"

ஹோடன் போனை வாங்கி வைத்துவிட்டு 0-ஐத் தொட்டுப் பார்த்தாள். பிசுபிசுவென்று ஒட்டியது. அழுத்தினால் உள்ளே போனது, மேலே எழும்ப மறுத்தது. அவள் ஒரு தாளை எடுத்து எழுதினாள். வெளியே பேச 9. வெளிநாட்டுக்கு 011. மொத்தம் 9011. அதில் பூஜ்ஜியத்தை மட்டும் அடித்தாள்.

மீதி இருந்தது 911.

அதற்குள் வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அத்தை சட்டென்று ஹோடனுக்குப் பின்னால் ஒளிந்தார். ஹோடன் அவர் உயரத்தில் பாதிதான்.

"பயப்படாதீங்க அத்தை. நமக்கு ஏதாவது ஆபத்தான்னு கேட்கத்தான் வர்றாங்க," என்று சோமாலி மொழியில் சொல்லிவிட்டு, அவள் தாளை ஆபீசரிடம் நீட்டினாள்.

ஆபீசர் தாளைப் பார்த்தார். போனைப் பார்த்தார். பிறகு அத்தையிடம் குனிந்து சொன்னார்: "நீங்க ஒரு தப்பும் பண்ணல அம்மா." ஹோடன் அதையும் சோமாலியில் சொன்னாள். அத்தை நீண்ட மூச்சு விட்டார்.

"இந்த பட்டன்ல யாரு எதைக் கொட்டினது?" என்றார் ஆபீசர்.

மிஸ்டர் மார்ட்டெல் விரலை வைத்துப் பார்த்தார். முகம் மறுபடியும் சிவந்தது. "என்னோட காபிதான். புது வருஷத்தன்னிக்குக் கொட்டிடுச்சு. நாலு கரண்டி சர்க்கரை போட்டிருந்தேன்." திரும்பிப் பார்த்தார். "லீபான், என்னை மன்னிச்சுடுப்பா."

"பரவாயில்ல சார். ஒரு பீட்சா வாங்கிக் குடுத்தாப் போதும்."

"நாளைக்கே புது போன் வாங்கிடறேன்," என்றார் அவர் அவசரமாக.

"புது போன்லயும் யாராவது பூஜ்ஜியத்தை மறந்துட்டா?" என்றாள் ஹோடன். "வெளியே பேச ஒன்பதுக்குப் பதிலா எட்டுன்னு வச்சுக்கலாமே?"

மறுநாளே போன் கம்பெனி ஆள் வந்து எட்டுக்கு மாற்றிக் கொடுத்தார். வியாழக்கிழமை, மூன்று வாரத்துக்குப் பிறகு மகனின் குரலைக் கேட்ட ஹலீமோ அத்தை, அவன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

ஒரு மாதம் ஆனது. ஆபீசர் டூபே யாரும் கூப்பிடாமலே வந்தார்.

"பிப்ரவரி பூரா ஒரு போன்கூட வரலை," என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தவர், திடுக்கிட்டுத் திரும்பினார். போன் மேசையில் யாரோ போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல," என்றாள் ஹோடன். "மஹத் அண்ணன் காலையில சாப்பிடாம வேலைக்குப் போயிட்டாராம். அத்தை திட்டறாங்க."

லீபான் காதைப் பொத்திக்கொண்டான்.

"இவங்களுக்கு போன் எதுக்கு? ஜன்னலைத் திறந்து விட்டாலே நைரோபிக்குக் கேட்குமே!"