கீழறைப் பரிசோதனை

காட்டோரமாக நின்ற அந்தப் பழைய மரவீட்டுக்கு அவர்கள் குடிவந்த அன்று பனி தூவிக்கொண்டிருந்தது. ஒஸ்லோவின் டிசம்பர், மதியச் சாப்பாடு செமிக்கும் முன்பே வெளியே இருட்டு கவிந்துவிட்டது. பிரியந்தினி பெட்டிகளை இறக்கி முடிப்பதற்குள், அவள் கணவன் ஸ்ரீதரன் கதவுகள், விளக்குகள், ஹீற்றர் எல்லாவற்றையும் தன் கைபேசியோடு இணைத்துவிட்டான்.

அச்சத்தை ஆராய்கிற விஞ்ஞானி அவன். ஆய்வுகூடத்து எலிகள் எப்போது நடுங்கவேண்டும், எப்போது தின்னவேண்டும் என்று தீர்மானிப்பவன். வீட்டில் எலிகள் இல்லை, பிரியந்தினி இருந்தாள். தாயுடன் தொலைபேசியில் கதைப்பதற்கும் அவள் அவனைக் கேட்கவேண்டும்.

அந்த வீட்டின் கீழறை மட்டும் அவனுக்கு அடங்கவில்லை. விளக்கை அணைத்தால் எரிந்தது. பூட்டினால் திறந்தது. ஈரக் கம்பளியும் பழைய மருந்தும் கலந்ததுபோல் ஒரு வாடை அங்கிருந்து படியேறி வந்தது. சில வேளைகளில், சீமெந்துத் தரையில் யாரோ வெறுங்காலுடன் நடக்கும் சத்தம்.

வேறொருவன் என்றால் பயந்திருப்பான். ஸ்ரீதரனுக்குக் கோபம்தான் வந்தது.

"நீர் கீழை போய் இரும்," என்றான் ஒரு ஞாயிறு பின்னேரம். இதயத்துடிப்பை அளக்கும் பட்டியை அவள் மார்பில் இறுக்கிக் கட்டினான். "உம்மட துடிப்பு ஏறேக்கை, அது வருதெண்டு எனக்குத் தெரிஞ்சிடும். வாறது தெரிஞ்சால் அடக்கலாம்."

"இஞ்சேருங்கோ, வேண்டாம். எனக்கு ஏலாது."

"அழாதையும். துடிப்புப் பிழையாக் காட்டும்."

கதவைப் பூட்டினான். இம்முறை அது திறந்துகொள்ளவில்லை. மேலே திரையைப் பார்த்தபடி தேநீர் குடித்தான். கோடு எகிறியது. கீழே அவள் உள்ளங்கையால் கதவை அடித்தாள். பிறகு நகத்தால் பிறாண்டினாள். அவன் ஹீற்றரையும் அணைத்தான். குளிரும் சேர்ந்தால் விளைவு தெளிவாக இருக்கும்.

சத்தம் நின்றது.

திரையில் கோடு மெல்லத் தணிந்தது. ஆழ்ந்த நித்திரையில் கிடப்பவளுடையதுபோல் அமைதியானது.

"பிரியந்தினி?"

அவள் யாருடனோ கிசுகிசுப்பது படிவழியாகக் கேட்டது.

"ஓம்," என்றாள். "ஓம். அவர் மேலைதான் இருக்கிறார்."

பூட்டிய கதவு தானாகத் திறந்தது. பிரியந்தினி ஏறிவந்தாள். நகங்களில் இரத்தம். முகத்தில் பயத்தின் சுவடே இல்லை. கொழுவியில் கிடந்த குளிரங்கியை எடுத்து மாட்டினாள்.

"எங்கை போறீர்? நில்லும்!"

கைபேசியை அழுத்தினான். வாசற்கதவு பூட்டவில்லை. அவள் வெளியேறிய பிறகுதான் பூட்டிக்கொண்டது.

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

ஈரக் கம்பளி வாடை அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

"கீழை போய் இரும்."

அது அவனுடைய குரல்தான். அவன் வாய் திறக்கவில்லை.

அவன் கீழே இறங்கிப் போய் இருந்தான்.

பிரியந்தினி நகரின் மறுபக்கம், ரொம்சோஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். பொலிசுக்குச் சொல்லவேண்டும் என்று பலமுறை தோன்றியது. ஒவ்வொரு முறையும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாள். கடைசியில், மூன்றாம் நாள், ஆய்வுகூடத்து ஆட்கள்தான் அவனைத் தேடினார்கள். பொலிஸ் கதவை உடைத்தபோது ஸ்ரீதரன் கீழறையில் உயிரோடு உட்கார்ந்திருந்தான். எட்டும் தூரத்தில் தண்ணீர்ப் போத்தல்கள் இருந்தன. ஒன்றையும் தொடவில்லை, உதடுகள் வெடித்திருந்தன.

மருத்துவமனையில் தாதி எம்மா நோர்வேஜிய மொழியில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நாங்கள் ஊட்டினால் வாய் திறக்கிறார் இல்லை. ஊசிவழியாகத்தான் எல்லாம் போகிறது. நீங்கள் கொடுத்துப் பாருங்கள்."

பிரியந்தினி சூப்பைக் கரண்டியில் அள்ளி அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்கு மேலாக, வெறும் சுவர் இருந்த பக்கம் பார்த்தான். பசியில் தாடை நடுங்கியது.

"சாப்பிடட்டே?" என்று கெஞ்சினான்.

பிரியந்தினியின் பிடரியில் ஈரமான மூச்சொன்று பட்டது. யாரோ சிரிப்பை அடக்குவதுபோல் அது விட்டுவிட்டு வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கரண்டியை மெல்லக் கிண்ணத்தில் வைத்தாள்.

"இண்டைக்கும் வேண்டாமாம்," என்று அவனிடம் சொன்னாள்.