ஆசீருக்குத் தைத்த போர்வை

விஜயபுரத்தில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி பன்னிரண்டு. வெயில் மண்டையைப் பிளந்தது. கையில் ஒயர் கூடை, கூடைக்குள் செய்தித்தாளில் சுற்றிய ஒரு குழந்தைப் போர்வை. எழுபத்து நாலாம் வருஷம், தசரா லீவு. தாட்சாயணிக்கு ஆண் குழந்தை பிறந்து பதினாறு நாளாகியிருந்தது. புத்தூரில் நானும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்து டீச்சர்கள். பிரசவத்துக்காக அவள் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள்.

சிநேகிதிகளுக்குக் குழந்தை பிறந்தால் பழைய புடவைத் துணிகளை ஒட்டுப்போட்டு, அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டு ஒரு போர்வை கொண்டுபோவது என் வழக்கம். எங்கள் பக்கத்தில் அதைப் பொந்த என்பார்கள். எலிசபெத் டீச்சர் தைத்த பொந்த என்றால் மிஷன் காம்பவுண்டில் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேர்தான் என்னைக் கெடுத்தது.

ஏனென்றால், கூடைக்குள் இருந்தது தாட்சாயணியின் குழந்தைக்காகத் தைத்தது இல்லை.

அது லோயிஸின் குழந்தைக்காகத் தைத்தது. லோயிஸ் காம்பவுண்டில் எனக்கு அடுத்த வீடு. இரண்டு முறை கலைந்து மூன்றாவது முறை தங்கியது. பையன்தான் என்று அவளே முடிவு கட்டி, ஆசீர் என்று பெயரும் வைத்துவிட்டாள். பிறக்கும் முன்னே பெயர் வைக்காதே, துணி தைக்காதே என்று எல்லாரும் சொன்னார்கள். நாம் வேதக்காரர்கள், இதையெல்லாம் பார்க்கலாமா என்று நான்தான் வாய்கிழியப் பேசினேன். போர்வையின் மூலையில் சிவப்பு நூலால் அந்த மூன்று எழுத்தையும் தைத்தேன்.

குழந்தை இறந்தே பிறந்தது.

அடக்கத்துக்கு முன்னால் லோயிஸ் என்னைக் கூப்பிட்டாள். அறையில் அவளும் நானும்தான். கட்டிலில் குழந்தை.

"எலிசு, அந்தப் பொந்தய எட்த்துக்கினு வாடி. சுத்திக் குடுத்துடலாம். புள்ளைக்குக் குளுரும்."

"இன்னும் முடியலடி" என்றேன்.

முடிந்துதான் இருந்தது. என் பெட்டியில் மடித்து வைத்திருந்தேன். ஆறு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைத்தது மண்ணுக்குள் போவதை என் மனசு ஒப்பவில்லை. இவ்வளவு அற்பத்தனம் எனக்குள் இருக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது. குழந்தையை ஒரு துண்டில் சுற்றிப் புதைத்தார்கள்.

மூன்று மாதம் கழித்துத் தாட்சாயணியைப் பார்க்கக் கிளம்பியபோது புதிதாகத் தைக்க நேரமில்லை. வெறுங்கையோடு போக வெட்கமாக இருந்தது. ஊசி முனையால் நெம்பி, பெயரை ஓர் இழை விடாமல் பிரித்து எடுத்தேன். துணியில் ஊசித் துளைகள் மட்டும் மிச்சமிருந்தன. துவைத்தால் அதுவும் போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன்.

"வா டீச்சரம்மா. பஸ்ஸுல எடம் கெடச்சிச்சா? மொதல்ல கைகால் கழுவிக்கினு சோறு துன்னு" என்றார் தாட்சாயணியின் அம்மா செங்கம்மா. வாசலில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. தாட்சாயணி போர்வையைப் பிரித்துப் பார்த்துப் பூரித்துப்போனாள். உடனே குழந்தைக்குப் போர்த்திவிட்டாள்.

நான் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் உள்ளேயிருந்து ஈரமண் வாசனை வந்தது. ஊரில் மழை பெய்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"யம்மா, புள்ள ஒடம்பு சில்லுனு கீதே!"

ஓடிப்போய்த் தொட்டேன். பானைத் தண்ணீரில் கை வைத்த மாதிரி இருந்தது. குழந்தை அழவில்லை. கண்ணைத் திறந்து என்னையே பார்த்தது.

"பேரு நாங்க இன்னும் வெக்கவே இல்லியே, எலிசு" என்றாள் தாட்சாயணி. "நீயே ஆவன்னா போட்டு ஆரம்பிச்சிட்டியா?"

போர்வை மூலையில் சிவப்பு நூலில் ஓர் எழுத்து.

என் தையல். என் கைதான்.

வெடுக்கென்று போர்வையை இழுத்தேன். குழந்தை வீறிட்டது. பிறகு அழுகை நின்றது. மூச்சும் நின்றது. முகத்தில் நீலம் பாய்ந்தது. செங்கம்மா பதறிப்போய் என் கையிலிருந்து போர்வையைப் பிடுங்கி மறுபடி போர்த்தினார். மூச்சு வந்தது.

பொழுது சாய்வதற்குள் மூன்று முறை எடுத்துப் பார்த்தோம். மூன்று முறையும் அதேதான். போர்த்தினால் உடம்பு பனிக்கட்டி, எடுத்தால் மூச்சில்லை. நகரியிலிருந்து வந்த கம்பவுண்டர் "ஏமீ லேதம்மா, ஒண்ணுமில்ல, பலவீனம்தான்" என்று டானிக் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் இரண்டாவது எழுத்து வந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊசி இல்லை, கை இல்லை. ஒரு துளை சிவந்தது. பிறகு அடுத்த துளை.

குழந்தை பால் குடிப்பதை நிறுத்திவிட்டது.

தாட்சாயணி என் காலைக் கட்டிக்கொண்டாள். "ஒனக்கு என்னமோ தெரியும் எலிசு. மறைக்காதடி. எனக்கு இருக்கறது இந்த ஒண்ணுதான்."

பாதியைச் சொன்னேன். லோயிஸின் குழந்தைக்கென்று தைத்தது என்று சொன்னேன். கட்டில் பக்கத்தில் நின்று நான் சொன்ன பொய்யை மட்டும் சொல்ல நாக்கு வரவில்லை. "செத்த புள்ளைக்கி வெச்ச துணியயா எடுத்தாந்த, பாவி!" என்று செங்கம்மா தலையில் அடித்துக்கொண்டார். அவர் என்னை அடித்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலை முதல் பஸ்ஸில் புத்தூருக்குக் கிளம்பினோம். போர்வையோடு குழந்தையைத் தாட்சாயணி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். பஸ் முழுக்க ஈரமண் வாசனை. "எங்க மழை?" என்று முன்சீட்டுக்காரர் ஜன்னலை எட்டிப் பார்த்தார். நகரி தாண்டும்போது மூன்றாவது எழுத்து ஆரம்பித்தது. தாட்சாயணி அதை உள்ளங்கையால் பொத்தினாள். பொத்தினால் நின்றுவிடுமா?

லோயிஸ் வாசலில் கோலிக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போர்வையைப் பார்த்தாள். எழுந்து கல்லறைத் தோட்டத்தை நோக்கி முன்னால் நடந்தாள்.

வேப்பமரத்தடியில் அந்தச் சின்ன மேடு. கடப்பாரை எடுக்கக்கூட யாரும் போகவில்லை. நான் கையாலேயே தோண்டினேன். நகம் பிய்ந்தது. ஒரு முழம் போனதும் தாட்சாயணியிடமிருந்து போர்வையை உருவினேன்.

குழந்தை நீலம் பாய்ந்தது.

"எட்த்துக்கடா. இது ஒன்னுதுதான். அந்தப் புள்ளய உட்டுட்றா ராஜா" என்று கெஞ்சிக்கொண்டே போர்வையைக் குழிக்குள் திணித்து மண்ணைத் தள்ளினேன். மூன்றாவது எழுத்து பாதியில் நின்றிருந்தது. அதன் மேலும் மண் விழுந்தது.

மூச்சு வரவில்லை.

தாட்சாயணி ஓலமிட்டாள். ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும் என்று நான் மண்ணில் விழுந்தேன்.

அப்போது குழந்தை அழுதது. ஓடித் தொட்டேன். உடம்பு சுட்டது. நாங்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். லோயிஸ் மட்டும் அழவில்லை. மூன்று மாதமாக வற்றியிருந்த அவள் மார்பில் ரவிக்கை நனைந்துகொண்டிருந்தது. குழந்தை தன் தாயை விட்டு அவள் பக்கம் முகத்தைத் திருப்பியதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அடுத்த மாதமே லோயிஸின் வீட்டுக்காரருக்குக் கோலாருக்கு மாற்றல் வந்தது. போய்விட்டார்கள். என் பொய் தெரிந்தவர்கள் யாரும் இனி இந்த ஊரில் இல்லை என்று நிம்மதிப்பட்டேன். அன்றிலிருந்து யாருக்கும் போர்வை தைக்கவில்லை.

குழந்தைக்குப் பாலசுந்தரம் என்று பெயர் வைத்தார்கள். நான்கு வயதாகியும் வாய் திறந்து பேசவில்லை. போன மாதம்தான் தாட்சாயணி மனமிறங்கி, முதல் தடவையாக அவனை என் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தாள். நடுப்பகல். நான் ஒரு பாவாடைக்குக் கரை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். தாட்சாயணி முகம் கழுவப் பின்பக்கம் போனாள்.

அவன் என் பக்கத்தில் வந்து நின்றான். முழங்கால் மேல் கை வைத்தான். கை சில்லென்று இருந்தது.

ஈரமண் வாசனை வந்தது.

என் மடியில் கிடந்த துணியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இன்னும் முடியலியா?" என்றான்.