எர்த் குழி

சுவிட்சை அணைத்த பிறகும் கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ரகுநாத் ஸ்க்ரூ டிரைவரோடு காத்திருந்தான். மிச்சக் கரண்ட் என்றால் ஓரிரு நொடியில் அடங்கிவிடும். இது அடங்கவில்லை, தூங்குகிறவன் மூச்சுப்போல ஒரே சீராக ஓடியது. பிளக்கைப் பிடுங்கியதும்தான் நின்றது.

எரிச்சலாக வந்தது. சென்னையில் இரவு ஷிஃப்ட் வேலையை உதறிவிட்டு ஆவூருக்கு வந்து, கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கலாம் என்று பாகம் பாகமாக வாங்கி அவனே கோத்த கம்ப்யூட்டர். வெட்டி ஒட்டியதை ஒரே வீடியோவாக்கும் ரெண்டரிங் பாதி ஓடும்போது திரை கறுத்து, தானாக ரீஸ்டார்ட் ஆகும். ரேமை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினான். ப்ராசஸருக்குப் புதுப் பேஸ்ட் தடவினான். பவர் சப்ளையை மாற்றினான். விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினான். எல்லா டெஸ்ட்டும் பழுதில்லை என்றது. பழுதில்லாத ஒன்று தினமும் செத்துப் பிழைத்தது.

போன வாரம்வரை கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கவும் செய்தது. எலக்ட்ரீஷியன் வீரய்யா வந்து பார்த்து, வீட்டுக்கு எர்த்தே இல்லை என்றார். கொல்லையில் குழி தோண்டினார். அதில் உப்பும் கரியும் கொட்டிக் குழாயை இறக்கி, வீட்டின் பச்சை ஒயர்களை எல்லாம் அதோடு சேர்க்க வேண்டும். இடுப்பளவு இறங்கியதும் கடப்பாரை ஒரு பானையின் விளிம்பில் மோதியது. ஆள் குந்தி உட்காரலாம், அவ்வளவு பெரிய வாய்.

"தாழி தம்பி இது. செத்தவுகள வச்சுப் பொதைச்சது. வேற எடம் பாப்பமா?"

"அங்கிட்டெல்லாம் பாறைண்ணே. இதையே குழியா வச்சுக்கங்க. வெளிய தெரிஞ்சா தொல்லியல் ஆபீசர் வந்து வேலைய நிப்பாட்டிருவாரு."

உப்பும் கரியும் தாழிக்குள்ளேயே போயின. உள்ளே என்ன கிடந்தது என்று ரகுநாத் குனிந்து பார்க்கவில்லை.

"தெனம் ஒரு கொடம் தண்ணி ஊத்துங்க. காய விட்றாதீங்க," என்று சொல்லிவிட்டு வீரய்யா வண்டியை எடுத்தார்.

சுர்ரென்பது நின்றது. திரை கறுப்பது நிற்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கிய கையோடு ஸ்டுடியோக்காரர் செபமாலையின் போன் வந்தது. "தம்பி, பொண்ணு மாசமாவே ஆயிருச்சு. கல்யாண வீடியோ இன்னும் வரல. நாளைக்குள்ள குடுக்கலன்னா வெராலிமலையில வேற ஆளப் பாத்துக்கறேன்."

வேறு ஆள் என்றால், அவனுக்கு மறுபடி சென்னை. மறுபடி இரவு ஷிஃப்ட்.

சாயங்காலம் மறுபடி ரெண்டரிங் போட்டான். ஜன்னலுக்கு வெளியே மனைவி அன்புமொழி எர்த் குழியில் குடத்தைச் சாய்க்கும் சத்தம் கேட்டது. திரை கறுத்தது. நேற்றும் இதே நேரம்தான். முந்தாநாளும்.

"அன்பு, இனிமே அதுல தண்ணி ஊத்தாத."

"காய விடக்கூடாதுன்னாருல்ல?"

"ஊத்துனாத்தான் கம்ப்யூட்டர் படுத்துக்குது."

"நல்லதாப் போச்சு. எத்தன கொடம் ஊத்துனாலும் நிக்க மாட்டேங்குதுங்க. மடக் மடக்குனு குடிக்கிற சத்தம் வேற. எருமை கூட இம்புட்டுக் குடிக்காது." சிரித்துக்கொண்டே குடத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் காலையில் ரெண்டரிங் கறுக்காமல் ஓடியது. மாதாந்திர மின்தடை நாள் என்பது கரண்ட் போனபோதுதான் நினைவுக்கு வந்தது. யூபிஎஸ் கொஞ்ச நேரம் கத்தியது. அதன் விளக்கும் அணைந்தது.

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

ரகுநாத் எழுந்துபோய் மெயினைப் பார்க்கவில்லை. பாதிக்கு மேல் வந்துவிட்டது. எப்படியோ முடிந்தால் போதும்.

வெயிலுக்குப் பயந்து சாத்தி வைத்த ஜன்னல், நின்றுபோன மின்விசிறி, அந்த அமைதிக்குள் கேபினெட்டின் ஓட்டைகள் வழியாக மெல்லக் கசிந்துவரும், நெடுநாள் மூடிக்கிடந்த பானையைத் திறந்தாற்போன்ற கரி வாடை, எல்லாம் சேர்ந்து அவன் நாக்கை மேலண்ணத்தோடு ஒட்ட வைத்தன. மேசையிலிருந்த சொம்பை எடுத்தான். காலி. இப்போதுதானே நிரப்பி வைத்தான்?

"அன்பு, தண்ணி."

பதில் இல்லை. கொல்லையில் இருப்பாள். கொடியில் தொங்கிய ஈரத் துண்டைத் தொட்டான். அப்பளமாக நொறுங்கியது.

தொண்ணூறு சதவீதம்.

கேபினெட்டின் விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்பு.

"அன்பு."

அடுப்படியில் கிரைண்டர் இருக்கிறது. கரண்ட் இல்லாத நாளில்தான் அதைத் துடைப்பாள். அதற்கும் ஒரு பச்சை ஒயர் போகிறது. வீடு முழுக்க ஒரே பச்சை ஒயர். ஒரே குழி. நேற்றிலிருந்து அதற்குத் தண்ணீர் இல்லை.

ஓடினான்.

அன்புமொழி கிரைண்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் துடைக்கிற துணி. விறைத்த துணி. மறு கை கிரைண்டரின் தகட்டோடு ஒட்டியிருந்தது. கருவாடாகச் சுருங்கிய கை. அதில் வளையல்கள் முழங்கைவரை சரிந்து கிடந்தன. உதடெல்லாம் உப்பு.

அறையிலிருந்து டிங் என்று சத்தம் கேட்டது. வீடியோ முடிந்துவிட்டது.

அவள் கண்கள் மட்டும் திரும்பி அவனைப் பார்த்தன. கிரைண்டருக்குள் மடக், மடக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.