வாடத் தெரியாத சோளம்

எழுபது டிகிரி சூட்டில் மூன்று நாள் கிடந்த மக்காச்சோள இலை, உலர்த்தும் அடுப்பைத் திறந்தபோது பச்சையாகவே இருந்தது.

அடுப்பு மறுபடியும் பழுது என்று பாகீரதி எரிச்சலோடு கதவை அறைந்து சாத்தினாள். ஆனால் அதே தட்டில் கிடந்த மற்ற இலைகள் சருகாகியிருந்தன.

கொல்லங்கோட்டுக்கு வெளியே அந்த ஆராய்ச்சிப் பண்ணையில் ஆறு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. சோளத்தின் மரபணுக்களுக்குள் இடம்விட்டு இடம் தாவும் துண்டு ஒன்று உண்டு. அது எந்த மரபணுவில் போய் விழுகிறதோ, அந்த மரபணு கெட்டுவிடும். செடி எதை இழந்தது என்று பார்த்தால், அந்த மரபணுவின் வேலை தெரிந்துவிடும். இதுவரை கிடைத்ததெல்லாம் வெளுத்த இலை, குட்டைத் தண்டு. எல்லாம் யாரோ எப்போதோ எழுதி முடித்தவை. 1976 மார்ச்சோடு ஆராய்ச்சியை மூட்டை கட்டும்படி டைரக்டரின் கடிதம் வேறு வந்திருந்தது.

அந்த வாடாத இலை வந்த முப்பத்தேழாம் வரிசை எதை இழந்தது?

உச்சி வெயிலில் வயலுக்குப் போனாள். மலைக் கணவாய் வழியே வீசிய காற்றில் அறுவடை முடிந்த தட்டைகள் சலசலக்க, மண் சுட்ட வாடைக்கு நடுவே இரண்டு மாதமாகத் தண்ணீர் காணாத அந்த ஒரு வரிசை மட்டும் பச்சை வாசனையோடு நின்றது. போன மாதம் அவள் பிடுங்கி வரப்பில் எறிந்த செடியும் வாடவில்லை. அதன் வேர் காற்றில் நீண்டிருந்தது. வெள்ளையாக. ஈரமாக.

சாவதை இழந்திருந்தது.

ஆறு வருஷம் காத்திருந்த கண்டுபிடிப்பு. ஆனால் இது வயலைத் தாண்டிப் பரவக் கூடாது. பண்ணையாள் நஞ்சப்பனைக் கூப்பிட்டு, வரிசை முழுவதையும் எரித்துவிடச் சொன்னாள்.

ஒரு வாரம் கழித்து அவர் அவளுடைய அறை வாசலில் வந்து நின்றார்.

"எரிச்சாச்சோ, நஞ்சப்பன்?"

"இல்லீங்கம்மா. பச்சையா இருக்குதேன்னு மாட்டுக்குப் போட்டுட்டனுங்க. மாடு செத்துப் போச்சுங்க."

"எப்போ?"

"நாலு நாளாச்சுங்க." அவர் தரையைப் பார்த்தார். "பொதைக்க முடியலீங்க. நீங்களே வந்து பாருங்க."

தொழுவத்தில் நாற்றம் இல்லை. ஈ இல்லை. தோலுரிக்க வந்தவன் பாதியில் கத்தியைப் போட்டுவிட்டு ஓடியிருந்தான். உரித்த விலாவைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. மூச்சில்லை. கண்ணில் மண்.

வாய் மட்டும் அசைபோட்டது. மெதுவாக. நிற்காமல்.

அதன் மடியருகே நஞ்சப்பனின் மனைவி காளியாத்தாள் குந்தியிருந்தாள். செம்பில் பால் பீய்ச்சிக்கொண்டிருந்தாள்.